இறக்கத் தெரிந்தால்தான் ஸ்நாட்ச்

கெட்டில்பெல் பழகுகிறவர் யாரையாவது பிடித்து, "ஸ்நாட்ச் எப்படி நடக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். வாய் திறந்து பதில் சொல்வதற்கு முன்னால் கையை நீட்டிக் காட்டுவார். முன்கையில் கருநீலமாகக் கன்றிப்போன ஒரு தடம். உள்ளங்கையில், விரல்கள் தொடங்குகிற இடத்தில், தோல் உரிந்து சிவந்த ஒரு காயம். வீட்டில் உள்ளவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இந்த இரும்பை முதலில் பழைய இரும்புக் கடையில் போடுங்கள்" என்று சொன்னால், அவர்கள் பேரில் குற்றம் சொல்ல முடியுமா?

ஆனால் நேயர்களே, குண்டின் பேரிலும் குற்றம் இல்லை. ஸ்நாட்ச் பழக வருகிறவர்கள் எல்லோரும் எப்படித் தூக்குவது என்றுதான் கேட்கிறார்கள். எப்படி இறக்குவது என்று கேட்பவரைக் காண்பது அபூர்வம். முன்கையில் விழுகிற அடி ஏறும்போது விழுவது, வாஸ்தவம்தான். அதைச் சரி செய்வது ஒரு வாரத்து வேலை. உள்ளங்கையைக் கிழிப்பதும், பிடியைக் களைக்க வைப்பதும், முதுகைச் சுண்டி இழுப்பதும் இறக்கம். அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. ஆகவே இந்த வாரம் அதைத்தான் விஸ்தாரமாகச் சொல்லப் போகிறேன்.

கெட்டில்பெல்லைக் கண்ணால் கண்டிராதவர்களுக்கு ஒரு வார்த்தை. பீரங்கிக் குண்டுக்கு ஒரு கைப்பிடி வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான். அந்தக் குண்டைக் கால்களுக்கு நடுவே பின்னால் வீசி, இடுப்பின் வேகத்தால் முன்னால் கிளப்பி, வழியில் எங்கும் நிறுத்தாமல் ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோய், கை நேராக நிற்க நிறுத்துவதற்கு ஸ்நாட்ச் என்று பெயர். நிறுத்திய பிறகு மறுபடியும் கால்களுக்கு நடுவே இறக்கி, அந்த வேகத்திலேயே அடுத்ததைத் தொடங்க வேண்டும். கவனித்தீர்களா? 16 கிலோ குண்டை நூறு தடவை ஸ்நாட்ச் செய்கிறவர் 1,600 கிலோவை ஏற்றியது மட்டுமல்ல, 1,600 கிலோவை இறக்கியும் இருக்கிறார். ஏற்றும்போது இடுப்பு, தொடை, பிருஷ்டம் என்று பெரிய பெரிய தசைகள் எல்லாம் கூட்டமாக உதவிக்கு வந்துவிடும். இறங்கும்போது, முறை தெரியாத ஆசாமிக்கு உதவ மிஞ்சுவது நாலு விரல்கள்தான்!

இந்தச் சங்கதியை நன்றாக அறிந்தவர்கள் ருஷ்யர்கள். குண்டே அவர்கள் நாட்டுச் சரக்கு. அங்கே அதற்குக் கீர்யா என்று பெயர். தானியச் சந்தையில் தராசுத் தட்டில் வைக்கிற எடைக்கல்லாகத்தான் அது வாழ்க்கையைத் தொடங்கியது. பூத் என்பது பழைய ருஷ்ய நிறுத்தல் அளவு. ஒரு பூத் 16 கிலோவுக்குச் சற்றே அதிகம். இன்றைக்கும் குண்டுகள் 16, 24, 32 என்று எட்டு எட்டாக ஏறிக்கொண்டு போவதன் மர்மம் இதுதான்: ஒரு பூத், ஒன்றரைப் பூத், இரண்டு பூத். மூட்டை நிறுக்கிற இடத்தில் வாலிபர்களின் கை சும்மா இருக்குமா? நிறுத்தது போக மிச்ச நேரத்தில் எடைக்கல்லையே தூக்கிக் காட்டத் தொடங்கினார்கள். 1885-ம் ஆண்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் விளாடிஸ்லாவ் க்ராயெவ்ஸ்கி என்ற டாக்டர், பளு தூக்குவதில் ஆசை உள்ளவர்களுக்காக ஒரு சங்கம் அமைத்தார். நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுத்த அதே கை குண்டையும் பிடித்தது. உலகப் புகழ் பெற்ற மல்யுத்த வீரர் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட் அவரிடம் பழகியவர்தான்.

சோவியத் ஆட்சிக் காலத்தில் இது முறையான போட்டியாகவே வளர்ந்தது. 1985-ல் விதிகள் வகுத்து, லிபெட்ஸ்க் நகரில் முதல் தேசியப் போட்டியை நடத்தினார்கள். 1989-ல் பத்து நிமிஷம் என்ற கால எல்லையும் வந்து சேர்ந்தது. நம் விஷயத்துக்கு முக்கியமானது அந்தப் பத்து நிமிஷம்தான்.

கற்பனை செய்து பாருங்கள். பத்து நிமிஷம், ஒரே குண்டு. கையை மாற்றிக்கொள்ள ஒரே ஒரு தடவைதான் அனுமதி. நடுவில் தரையில் வைத்தால் ஆட்டம் முடிந்தது. மேலே கை நேராக நின்று, உடம்பு ஆடாமல் ஒரு கணம் அசைவற்று இருந்தால்தான் நடுவர் கணக்கில் சேர்ப்பார். ஆண்களில் மேல்வரிசைக்காரர்கள் கையில் 32 கிலோ. அதை வைத்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் 200-ஐத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். அதாவது 6,400 கிலோவுக்கு மேல்! இவர்களில் ஒருவர் தோற்றுப் போகிறார் என்றால் எதனால் தோற்கிறார்? பெரும்பாலும் மூச்சினால் அல்ல. கால் களைத்து அல்ல. விரல்கள் திறந்துகொண்டுவிடுகின்றன. பிடி போய்விடுகிறது. பிடியைத் தின்பது எது என்று பார்த்தால், குண்டு மேலிருந்து விழுந்து கீழே சடக்கென்று நிற்கிற அந்த ஒரு கணம். அப்போது விரல்கள் தாங்குவது குண்டின் எடையை மட்டும் அல்ல, அதன் வேகத்தையும் சேர்த்து. ஆகவே ருஷ்யப் போட்டியாளர்கள் தங்கள் புத்தி முழுவதையும் இறக்கத்தில் செலவழித்தார்கள்.

இன்னொரு பள்ளியும் உண்டு. மின்ஸ்க் நகரில் பிறந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்த பாவெல் ட்சாட்சௌலின் என்பவர், 2001-ல் புத்தகம் எழுதி, ஆசிரியர்களையும் பயிற்றுவித்து, அந்நாட்டில் இந்தக் குண்டைப் பரப்பினார். அவர் வழியில் ஒவ்வொரு ஸ்நாட்சும் முழு வேகம், முழு விறைப்பு. அந்த வழியில் ஆசிரியராக விரும்புகிற ஆணுக்கு வழக்கமான பரீட்சை, 24 கிலோவுடன் ஐந்து நிமிஷத்தில் 100 ஸ்நாட்ச். கையை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டில் எது உசத்தி என்று பத்திரிகைகளில் சண்டை நடக்கும். என் அபிப்பிராயம்: ஏற்றத்தைப் பாவெலிடமும், இறக்கத்தைப் போட்டிக்காரர்களிடமும் கற்றுக்கொள்வது நல்லது. வீட்டில் பழகுகிறவருக்குப் பதக்கம் வேண்டியதில்லை; மறுநாள் ஆபீஸில் பேனா பிடிக்கக் கை வேண்டும்.

ஏற்றத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஸ்விங் சரியாக வந்தவருக்கு இதில் பாதி வேலை முடிந்துவிட்டது; வராதவர் இங்கேயே நின்று முதலில் அதைப் பழகிக்கொண்டு வருவது நலம். கை குண்டைத் தூக்குவதில்லை. பின்னால் போன இடுப்பு முன்னால் வந்து விறைக்கிற வேகம்தான் அதைக் கிளப்புகிறது. குண்டு தொப்புள் உயரம் வரும் வரையில் மேல்கை விலாவோடு ஒட்டியே இருக்கட்டும். மார்பு உயரத்துக்கு வரும்போது, கடிவாளத்தைச் சுண்டுவது போல் முழங்கையைச் சற்றுப் பின்னுக்கு வாங்குங்கள். குண்டு உங்களை விட்டு விலகிப் பெரிய வட்டம் போடாமல், உடம்போரமாக மேலே ஏறும்.

முகத்தின் உயரத்தில் ஒரு கணம் அது எடையே இல்லாதது போல் மிதக்கும். அந்தக் கணம்தான் உங்கள் முன்கையின் தலைவிதி நிர்ணயமாகிற கணம்! பிடியை இறுக்கிக்கொண்டு நின்றால் குண்டு கைப்பிடியைச் சுற்றித் தலைகுப்புறக் கவிழ்ந்து முன்கையில் மோதும். பிடியைத் தளர்த்தி, சட்டைக் கைக்குள் கையை நுழைக்கிறோமே, அப்படிக் கைப்பிடிக்குள் கையை நுழைத்து வானத்தை நோக்கி நீட்டிவிட்டால், குண்டு பூனை மாதிரி வந்து முன்கையில் உட்கார்ந்துகொள்ளும். சத்தமே கேட்காது.

மேலே நிற்கும்போது கைப்பிடி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள பள்ளத்திலிருந்து சுண்டு விரல் பக்கத்து அடியுள்ளங்கை மேடு வரையில் குறுக்காகக் கிடக்க வேண்டும். மணிக்கட்டு பின்னால் மடங்கக் கூடாது. விரல்களை விட்டுவிடுங்கள், குண்டு எங்கேயும் ஓடிப் போகாது. ஸ்நாட்சில் கிடைக்கிற ஒரே ஓய்வு இந்த இடம்தான். மூச்சு வாங்கினால் ஒன்றுக்கு இரண்டாக மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். அவசரக்காரர்கள் இதை வீணாக்கிவிட்டு உடனே கீழே வருகிறார்கள்.

இப்போது இறக்கம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதல் விதி: குனியாதீர்கள். குண்டு கீழே வரப் போகிறது என்றதும் உடம்பு தானாகவே அதை வரவேற்கக் குனிந்துவிடும். இதுதான் எல்லாத் தொல்லைக்கும் மூலம். நீங்கள் குனிந்த மாத்திரத்தில் குண்டுக்கு வழி மறிபடுகிறது. அது முன்னால் போய்ப் பெரிய வளையம் போட்டு, நீட்டிய கையின் நுனியில் சுண்டி நிற்கும். அந்தச் சுண்டலைத் தாங்குவது உங்கள் விரல்களும் இடுப்புக்கு மேல் உள்ள முதுகெலும்பும். இதற்கு மாறாக, நிமிர்ந்து நின்றபடியே மேல் உடம்பை இம்மியளவு பின்னால் சாயுங்கள். வலக் கையில் குண்டு இருந்தால் எடையைச் சற்று இடக் காலுக்கு மாற்றுங்கள். முழங்கையை மடக்கி விலாவை நோக்கி இறங்க விடுங்கள். உள்ளங்கை உங்கள் முகத்தைப் பார்க்கத் திரும்பட்டும். குண்டு மூக்குக்கு முன்னால், ரகசியம் சொல்ல வந்தது போல் நெருக்கமாக இறங்க வேண்டும்.

இரண்டாவது, பிடி மாற்றம். குண்டு மார்பைத் தாண்டி இறங்குகிற சமயத்தில், உள்ளங்கையில் இருக்கிற கைப்பிடியை விரல்களின் கொக்கிக்கு மாற்றிவிட வேண்டும். கையை ஒரு விரற்கடை பின்னுக்கு இழுத்தால் தானே மாறிவிடும். மாற்றாமல் கெட்டியாகப் பிடித்திருந்தால், கைப்பிடி உள்ளங்கைத் தோலை மடித்துக்கொண்டு உருளும். மடிந்த தோல் ஒரு நாள் தாங்கும், இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் உரியும். கிணற்றில் வாளி இறக்குகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ராட்டினத்தில் கயிறு ஓடும்போது அவர்கள் கை கயிற்றை வழிகாட்டிக்கொண்டுதான் இருக்கும், நெரிப்பதில்லை. வாளி தண்ணீரைத் தொடுகிற நேரத்தில்தான் பிடி இறுகும். ஸ்நாட்சும் அதே சமாசாரம்.

மூன்றாவது, காத்திருப்பது. மேல்கை விலாவில் வந்து படிந்து, முன்கை அடிவயிற்றைத் தொடுகிற வரையில் இடுப்பை மடக்கக் கூடாது. தொட்டது என்று தெரிந்த பிறகு, அந்த வேகம் தள்ளுகிற திசையிலேயே இடுப்பைப் பின்னால் விடுங்கள். அப்போது குண்டின் வேகத்தை வாங்கிக்கொள்வது விரல் அல்ல. கையும் உடம்பும் ஒன்றாகச் சேர்ந்து, இடுப்பும் தொடையும் வாங்கிக்கொள்கின்றன. பின்வீச்சில் கட்டை விரல் பின்பக்கம் பார்க்கும்படி கை திரும்பியிருந்தால் பிடிக்கு இன்னும் கொஞ்சம் ஆறுதல். இந்த மூன்றாவது விதியைச் சொல்வது எளிது. செய்யும்போது, "இனியும் காத்திருந்தால் குண்டு காலில் விழுந்துவிடும்" என்று மனசு பதறும். விழாது.

இதை ஸ்நாட்சுக்கு நடுவில் பழகுவது கஷ்டம். ஏற்றிக் களைத்தவனுக்கு இறக்கத்தில் கவனம் எங்கே இருக்கும்? ஆகையால் ஏற்றத்தையே எடுத்துவிடுங்கள். இரண்டு கைகளாலும் குண்டைத் தூக்கி மார்பில் வைத்து, மெள்ள ஒரு கையால் தலைக்கு மேல் தள்ளி நிறுத்துங்கள். அங்கிருந்து ஒரே ஒரு இறக்கம். பின்வீச்சு முடிந்து முன்னால் வந்ததும் தரையில் வைத்துவிடுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும். கைக்கு ஐந்து தடவை போதும். ஒரு வாரம் இதை மட்டும் செய்து பாருங்கள். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். பத்து நாள் கழித்து நீங்கள் இடைவிடாமல் ஸ்நாட்ச் செய்யும்போது தோன்றாது.

அதுவும் பயமாக இருந்தால் ஒரு நடுவழி உண்டு. மேலிருந்து நேரே கால்களுக்கிடையே விடாமல், முதலில் மார்புக்கு இறக்கி முழங்கையை விலாவில் ஊன்றி ஒரு கணம் நின்று, பிறகு கீழே விடுவது. பாதி உயரத்திலிருந்து விழுவதால் சுண்டல் குறைவு. வயதானவர்களுக்கும், தோள் கொஞ்சம் மக்கர் செய்கிறவர்களுக்கும் இதுவே நிரந்தர முறையாக இருந்தாலும் பாதகமில்லை.

குண்டு வளையம் போடுகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு உபாயம்: சுவரைப் பார்த்துக் கை நீளத்துக்கும் சற்றுக் குறைவான தூரத்தில் நின்று செய்வது. குண்டு உடம்போரமாகப் போனால் சுவர் பிழைக்கும். தோட்டத்து மதில் சுவராகப் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் இந்தச் சோதனை வேண்டாம்.

தொடங்குகிற ஆணுக்கு 12 அல்லது 16 கிலோ, பெண்ணுக்கு 8 கிலோ போதும். 24-ஐ வாங்கிவந்து கூடத்தில் அலங்காரமாக வைப்பதில் பெருமை இல்லை. பெண்களுக்கு இது ஒத்துவருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ருஷ்யப் பெண்கள் 24 கிலோவுடனேயே ஸ்நாட்ச் போட்டிக்கு வருகிறார்கள். வாங்கும்போது முடிந்தால் எஃகினால் ஆன போட்டிக் குண்டாகப் பாருங்கள். 16 மஞ்சள், 24 பச்சை, 32 சிவப்பு என்று நிறத்தில்தான் வித்தியாசம். உருவம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. எடை கூடினாலும் முன்கையில் அது உட்காருகிற இடம் மாறாது. வார்ப்பிரும்புக் குண்டு எடைக்குத் தகுந்தபடி பெருத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு தடவையும் கை புதிதாகப் பழக வேண்டும்.

கையைக் காப்பாற்றக் கையுறை போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. தடித்த உறை கைப்பிடியையும் தடிப்பாக்குகிறது. பிடி இன்னும் சீக்கிரம் களைக்கும். ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் பூசுகிற வெள்ளை மக்னீஷியப் பொடியைக் கொஞ்சம் தடவிக்கொண்டால் போதும். காய்ப்பு ஏறினால், குளிக்கும்போது கால் தேய்க்கிற கல்லால் தேய்த்து மட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். மேடாக நிற்கிற காய்ப்புதான் கைப்பிடியில் மாட்டிக் கிழிகிறது. தோல் உரிந்துவிட்டதா, அன்றைய கணக்கு அவ்வளவுதான். சோப்புப் போட்டுக் கழுவி, ஆறுகிற வரையில் ஸ்நாட்சை மறந்துவிடுங்கள். வீராப்பு வேண்டாம்.

யார் செய்யக் கூடாது? சுவரில் முதுகை ஒட்டி நின்று, முதுகு வில்லாக வளையாமல், கையை நேரே காதோரம் தூக்கிக் கட்டை விரலால் சுவரைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். முடியாதவர் முதலில் தோளைச் சரி செய்துகொள்ளட்டும். ரத்த அழுத்தம், குடலிறக்கம், முதுகெலும்பு வட்டில் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். மொசைக் தரையில் செய்யாதீர்கள். மண் தரையோ புல்லோ நல்லது. குழந்தைகள் எதிரிலோ பின்னாலோ நிற்கக் கூடாது. குண்டு கையை விட்டு நழுவுகிறது என்று தோன்றினால் அதோடு மல்லுக்கட்டாமல் விட்டுவிட்டு விலகிக்கொள்ளுங்கள். இரும்புக்கு ஒன்றும் ஆகாது.

இறக்கம் பழகியவர்கள் எண்ணிக்கைக்குப் போகலாம். வாரத்துக்கு மூன்று நாள். முதலில் கைக்கு ஐந்து ஐந்தாக, நடுவில் நன்றாக இளைப்பாறிக்கொண்டு. பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்து நிமிஷத்துக்குப் பத்து, அதாவது ஆறு விநாடிக்கு ஒன்று. ஆறு விநாடியில் ஏறுவதும் இறங்குவதும் போக மிச்சம் எல்லாம் மேலே நிற்கிற நேரம். முன்பே சொன்ன ஓய்வு அங்கேதான் உபயோகப்படும். ஒரு கையில் இரண்டு நிமிஷம், மறு கையில் இரண்டு நிமிஷம் என்று தொடங்கி, மாதக்கணக்கில் மெள்ள மெள்ள ஐந்து ஐந்தாக உயர்த்தினால் பத்து நிமிஷத்தில் நூறு ஆகிவிடும். எடையைக் கூட்டலாமா என்று உங்கள் தோளைக் கேட்காதீர்கள். உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள். விரல்களின் அடிக் கணுக்களில் மட்டும் லேசான காய்ப்பு, நடுவில் தோல் சுத்தம் என்றால் அடுத்த குண்டுக்குப் போகலாம்.

பத்து நிமிஷத்தின் நடுவில் குண்டைத் தரையில் வைக்காமல் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவது தனி வித்தை. அதற்கு இங்கே இடம் போதாது. அடுத்த வாரம் பார்ப்போம்.